தலைக்கு வந்த தங்கச் சட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்.
இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். இரண்டாவது கோல் விழுந்ததும் ஒலிபெருக்கியில் “பாஸ் கொடுத்தவர் நீலோ கார்ப்பினென்” என்றார்கள். நான் கொடுக்கவில்லை. வட்டு என் மட்டையைத் தொடவே இல்லை. யோனாஸின் மட்டையில் பட்டுப் போனது. நான் உடனே சறுக்கிப் போய் புள்ளி குறிக்கும் மேசையில் இருப்பவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியது. என் புள்ளியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். (“பார்க்கப்போகிறார்கள்” ஒரே சொல்லா, இரண்டா? கேட்க வேண்டும்.)

மாலைப் பள்ளியில் மொழிப்பாடம் எடுக்கும் ஆசிரியை தினமும் அரைப் பக்கமாவது எழுதச் சொல்லியிருந்தார். நீலோ அதையும் உடற்பயிற்சி மாதிரியே செய்தான். அதே சமையலறை மேசை, அதே பேனா, எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்த்துச் சந்தேகப்படுவது. ஐஸ் ஹாக்கிக்காகப் பள்ளியைப் பாதியில் விட்டவன் அவன். இப்போது முப்பத்துமூன்று வயதில் பையைத் தூக்கிக்கொண்டு மின்வேலை படிக்கப் போகிறான். சான்றிதழ் கைக்கு வர அடுத்த வசந்தம் ஆகும். அதுவரை சாவிலம்பியில், மரங்கொத்திகள் அணியில், இன்னும் ஒரு வருஷம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஊர், வேறு வீடு, பாதியில் நின்ற படிப்பு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பயிற்சியாளர் ரைமோ கிறிஸ்துமஸுக்கு முன்பே சொல்லியிருந்தார். “பிப்ரவரி கடைசி வரைக்கும் பாக்கறேன். அடுத்த வருஷம் உனக்கு இடம் உண்டா இல்லையான்னு அப்ப சொல்லிடறேன். நீ எப்பவும் போல உன் வேலையைப் பாரு, எனக்கு வேற ஆள் வேண்டாம்.”

அவன் வேலை குறுக்கே நிற்பது. நம் ஆள் ஒருவன் தப்பு செய்து தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடம், ஒரு ஆள் குறைவாக ஆடியாக வேண்டும். அந்த நேரத்தில் எதிராளி ஓங்கி அடிக்கும் வட்டுக்கு முன்னால் காலையோ விலாவையோ கொண்டுபோய் வைக்க ஒருவன் தேவை. கடைசி நொடிவரை அவன் அடிப்பவன் கண்ணில் படக்கூடாது. நீலோ யார் கண்ணிலும் பட மாட்டான். மட்டையால் எதிராளியின் இடுப்பைச் செல்லமாக இழுத்துப் பிடிப்பான், நடுவருக்குத் தெரியாது. பதினைந்து வருஷமாக அப்படியே பிழைத்துவந்தான். மூன்று வருஷம் அதே பெட்டிக் கடையில் காபி வாங்கியும் கடைக்காரர் “நீங்க பஸ் டிரைவர்தானே?” என்று கேட்டதுண்டு. நீலோ ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

புதன்கிழமை காலை, சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பெர்த்தி உடைமாற்றும் அறைக்குள் வந்தான். கையில் தங்க நிறத் தலைக்கவசம்.

“நீலோ, தலையைக் காட்டு.”

“எதுக்கு?”

“அளவு பாக்கணும். பதினஞ்சு வருஷமா உன் தலையில எதுவும் ஏறலை, இன்னிக்கு ஏறுது.”

அறையே சிரித்தது. கோல் அடித்தால் ஒரு புள்ளி, அதற்குப் பாஸ் கொடுத்தால் ஒரு புள்ளி. அணியில் அதிகப் புள்ளி எடுத்தவன் தங்கக் கவசம் போட்டு ஆட வேண்டும், அது லீக்கின் சட்டம். ஜனவரியில் அணியின் பெரிய ஆள் வீத்தி மேல் லீக்குக்கு விலை போனதும் கவசம் பத்தொன்பது வயது யோனாஸின் தலைக்குப் போயிருந்தது. மரங்கொத்திகள் கோல் அடிக்கத் திணறும் அணி. யோனாஸும் நீலோவும் புள்ளியில் சமமாகவே வந்துகொண்டிருந்தார்கள் என்பதை நீலோவைத் தவிர எல்லோரும் கவனித்திருந்தார்கள். செவ்வாயன்று ஒலிபெருக்கி கொடுத்த அந்த ஒரு பாஸ் நீலோவை ஒரு புள்ளி முன்னால் தள்ளிவிட்டது.

“அது என்னோட பாஸ் இல்ல,” என்றான் நீலோ.

“அடக்கத்தைப் பாரு!” என்றான் கோல்கீப்பர் தாப்பியோ. “டேய், பெரிசுக்குக் கண்ணுல தண்ணி வருது பாருங்கடா.”

“நிஜமாத்தான் சொல்றேன். யோனாஸ், நீ சொல்லுடா. உன் மட்டையிலதானே பட்டுது?”

யோனாஸ் குனிந்து காலணியின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். “எனக்கு ஞாபகம் இல்ல பெரிசு. சட்டி உனக்கு நல்லா இருக்கு.”

கவசத்துக்குச் சட்டி என்ற பெயர் அந்த நொடியிலேயே ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை கிவிவாராவில் ஆட்டம். முதல் பகுதியிலேயே நீலோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் வட்டின் வழியில் போய் நின்றால், அடிப்பவன் ஒரு நொடி நிறுத்தி, பளபளக்கும் தலையைப் பார்த்து, அவனைத் தாண்டி அடித்தான். இப்படியே இரண்டு கோல் போயிற்று. வழக்கம்போல ஒருவனின் இடுப்பை மட்டையால் லேசாகத் தொட்டான். விசில் அடித்தது. வேறொருவன் கையைத் தட்டினான். மறுபடி விசில். மூன்றாவது முறை தண்டனைப் பெட்டிக்குப் போகும் வழியில் நடுவரிடம் நின்றுவிட்டான்.

“இதையெல்லாம் பதினஞ்சு வருஷமா செய்யறேன். நீங்க ஒரு தடவையும் ஊதலையே.”

“அப்ப நீ கண்ணுல படலைப்பா,” என்றார் நடுவர், அலுப்போடு. “இப்ப கலங்கரை விளக்கம் மாதிரி வந்து நிக்கற. நான் என்ன கண்ணை மூடிக்கணுமா?”

திரும்பி வரும் பஸ்ஸில் ரைமோ அவன் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

“ஆள் குறையற நேரத்துல ஆடறதுக்கு உன்னை வெச்சிருக்கேன். நீயே தப்பு பண்ணிட்டு உள்ள போய் உக்காந்தா உன் இடத்துல யாரை இறக்கறது? பெர்த்தியையா?”

“நான் ரெடி,” என்றான் முன்னிருக்கையில் பெர்த்தி.

“வாயை மூடு. நீலோ, மாசக் கடைசி வருது. நான் யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன், சொல்லு. அந்தப் பழைய நீலோவுக்கா, இந்த ஜிகினா நீலோவுக்கா?”

“ரைமோ, அந்தப் புள்ளி என்னுது இல்ல.”

“அப்ப போய்த் திருத்து! என்கிட்ட வந்து ஏன் அழற?”

வெள்ளிக்கிழமை காலையே நீலோ திருத்தப் போனான். ஆட்ட நாட்களில் மேசையில் உட்கார்ந்து கோல், பாஸ் எல்லாம் குறிப்பவள் கைசு. மற்ற நாட்களில் அதே பனியரங்கின் காபிக்கடை அவளுடையது. ஏலக்காய் பன்களை அடுக்கிக்கொண்டே அவன் சொன்னதைக் கேட்டாள்.

“உன் சட்டையில பதினேழு, அவன் சட்டையில எழுபத்தொண்ணு,” என்றாள். “இந்த நம்பரை எந்தப் புத்திசாலி குடுத்தான்? நான் மூக்குக்கண்ணாடியோட உக்காந்தாலும் ஓடற ஓட்டத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

“தப்புதான், பரவாயில்ல. இப்ப மாத்திடு.”

“மாத்தலாம். மாசம் முடியறதுக்குள்ள மாத்தலாம். அவனைக் கூட்டிட்டு வா.”

“எனக்கு வேண்டாம்னு நானே சொல்றேனே.”

“வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இல்ல. என்னுதுன்னு சொல்ல அவனுக்குத்தான் உரிமை. சட்டம் அப்படி. எல்லாரும் அடுத்தவன் புள்ளியைத்தான் பிடுங்குவான்னு நினைச்சு எழுதின சட்டம். தள்ளிவிடறதுக்கு ஒருத்தன் வருவான்னு யாரு கண்டா?” ஒரு பன்னை அவன் பக்கம் நகர்த்தினாள். “தின்னு. முகத்தைப் பாத்தா பாவமா இருக்கு.”

யோனாஸ் மட்டை அறையில் இருந்தான். மட்டையின் முனையில் கறுப்பு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தான். இடது கையால்தான் சுற்றினான். வலது தோளை அசைக்காமல் வைத்திருந்தான்.

“வாடா, கைசுகிட்டப் போலாம். ரெண்டு நிமிஷ வேலை.”

“வரலை.”

“வரலைன்னா?”

“வரலைன்னா வரலைதான்.” யோனாஸ் நாடாவைப் பல்லால் கிழித்தான். “அந்தச் சட்டியை நான் போட்டிருந்தப்ப என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு ஊர்லயும் ஒரு தடியன் வந்து ஓரத்துப் பலகையோட சேத்து நசுக்குவான். வட்டு என்கிட்ட இல்லாதப்பவும் நசுக்குவான். இப்ப மூணு நாளா யாரும் என்னைத் திரும்பிப் பாக்கலை. நிம்மதியா ஆடறேன். நீ வெச்சுக்க. உனக்குத்தான் தடிச்ச தோலு.”

“எனக்கு அடுத்த வருஷம் வேலை போகும்டா!”

“எனக்குத் தோள் போகும்.”

நீலோவுக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தில் கதவை இழுத்தான், அது தள்ள வேண்டிய கதவு.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் சட்டி. சாசேஜ் விற்கும் அணி முதலாளி ஹியத்தலா கடைத்தெரு முழுக்கப் படம் ஒட்டியிருந்தார். தங்கத் தலையோடு நீலோ ஒரு வளையம் சாசேஜைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு இளிக்கிறான். “சாவிலம்பியின் தங்கத் தலை” என்று கொட்டை எழுத்து. கடையில் பட்டாணி அடுக்கியிருந்த இடத்துக்கு மேலே அந்த இளிப்பைப் பார்த்துவிட்டு வந்த மனைவி ரீக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ரெண்டு பாட்டிங்க உன் படத்து முன்னாடி நின்னு, யாரு இந்தப் பையன், புதுசான்னு கேட்டுக்கிட்டாங்க.”

“சிரி. நல்லாச் சிரி. ரைமோ என்னை வெளிய அனுப்பப் போறாரு.”

ரீக்கா சிரிப்பை நிறுத்தினாள். “ஹியத்தலா என்ன சொல்றாரு?”

“அவருக்கு ஆனந்தம். ‘அடுத்த வருஷமும் இதே தலை வேணும் நீலோ’ன்னு முதுகுல தட்டறாரு. தலைக்குத்தான் கையெழுத்துப் போடுவாராம். எனக்கு இல்ல.”

ஆறு வயது எல்வீரா உள்ளேயிருந்து ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வெள்ளைத் தாளில் நீலக் கோட்டுக் கால்கள், மேலே சூரியன் மாதிரி மஞ்சளாக ஒரு பெரிய உருண்டை.

“இது நீதான். எங்க பள்ளிக்கூடத்துச் சுவத்துல ஒட்டப் போறாங்க. வேல்லாமோவோட அப்பா தீயணைக்கிறவரு. ஆனா அவரு தலை தங்கம் இல்ல.”

இதுவரை எல்வீரா தன் அப்பாவைப் பற்றிப் பள்ளியில் பேசியதாக நீலோ கேட்டதில்லை. பேச அவனிடம் என்ன இருந்தது? விலாவில் நீலம் பாரித்த காயங்களைத் தவிர. படத்தை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப் போனான். “அப்பா, பள்ளிக்கூடத்துக்கு!” என்று அவள் பிடுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை சொந்த ஊர் ஆட்டம். கடைசிப் பகுதியில் ஒன்றுக்கு ஒன்று. மரங்கொத்திகளில் ஒருவன் தண்டனைப் பெட்டியில் இருந்தான். நீலோ தன் இடத்தில் நின்றான், எதிராளி வழக்கம்போல அவன் தலையைப் பார்த்து வேறு பக்கம் அடித்தான், வட்டு தாப்பியோவின் காலில் பட்டுத் தெறித்து நேராக யோனாஸின் மட்டைக்கு வந்தது. யோனாஸ் ஓடினான். பக்கத்தில் நீலோவும் ஓடினான், ஏனென்றால் வேறு யாரும் இல்லை. எதிரே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரன். எதிரணியின் கோல்கீப்பர், யோனாஸ் இருந்த பக்கமாக விழுந்துவிட்டான். வலையின் பாதி திறந்து கிடந்தது.

யோனாஸ் அடிக்கவில்லை. நீலோவிடம் தள்ளினான்.

நீலோவுக்கு முன்னால் கதவு திறந்த வீடு மாதிரி வலை. தொட்டால் போதும். தொட்டால் இன்னொரு புள்ளி. சட்டி மண்டையோடு வளர்ந்துவிடும். யோசிக்காமல் அவன் வட்டைத் திருப்பி யோனாஸிடமே தள்ளினான்.

“அடிடா!” என்று கத்தினான்.

“நீ அடி பெரிசு!” யோனாஸ் மறுபடி தள்ளினான்.

அரங்கம் எழுந்து நின்றது. பெஞ்சிலிருந்து ரைமோவின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, அதுவே நல்லது. நீலோ மறுபடியும் வட்டைத் தள்ளினான். நடுவில் குழம்பிப் போய் நின்ற தடுப்பாட்டக்காரன் காலை நீட்டினான். வட்டு அவன் சறுக்குக் காலணியில் பட்டுத் திரும்பி, மெல்ல, அவமானமாக, வலைக்குள் போய் விழுந்தது.

ஒலிபெருக்கி அலறியது: “கோல்! அடித்தவர், நம் தங்கத் தலை, நீலோ கார்ப்பினென்! பாஸ், யோனாஸ்!”

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அரங்கம் அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. பதினைந்து வருஷத்தில் முதல் முறை. நீலோவுக்குப் பனிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை ரைமோ இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் அந்தக் காட்சி ஓடியது. நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி ஓட்டினார்.

“இது என்னது?” என்றார்.

இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கேக்கறேன்ல? விருந்துல கடைசி பன்னை நீ எடு, இல்ல நீ எடுன்னு தட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கற மாதிரி, வலைக்கு முன்னாடி என்னடா பண்ணிக்கிட்டு இருந்தீங்க? ஜெயிச்சுத் தொலைச்சிட்டீங்க, அதனால திட்டக்கூட முடியலை. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், கோல் அடிக்க மாட்டேன்னு அழுத ஆளை நான் பாத்ததில்ல. அதுவும் ஜோடியா!”

“அவனுக்குச் சட்டி வேண்டாமாம்,” என்றான் நீலோ. “எனக்கும் வேண்டாம். செவ்வாக்கிழமை பாஸ் அவனுது. வந்து சொல்லுடான்னா வர மாட்டேங்கறான்.”

ரைமோ யோனாஸைப் பார்த்தார். யோனாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “எனக்கு அடி விழும்போது யாரும் வரதில்ல. வீத்திக்கு விழுந்தா எல்லாரும் ஓடுவாங்க. எனக்கு விழுந்தா, எந்திரிடா சின்னப் பையான்னு கத்தறாங்க.”

இரண்டு வாரம் அந்தப் பையன் பலகையோடு நசுங்கியதை நீலோ பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ‘எந்திரிடா’ என்று கத்தியவர்களில் அவனும் ஒருவன். எல்லோர் கண்ணும் பையன் தலைமேல் இருந்ததால்தான் தனக்கு இரண்டு வாரம் விசிலே அடிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

“தோளைக் காட்டு,” என்றான்.

“எதுக்கு?”

“காட்டுடான்னா.”

யோனாஸ் சட்டையை இழுத்துக் காட்டினான். தோளிலிருந்து கை நடுவரைக்கும் கத்தரிக்காய் நிறம். ரைமோ மெதுவாக ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார்.

“நீ சட்டியைப் போட்டுக்க,” என்றான் நீலோ. “உன் பக்கத்துலயே நான் ஆடறேன். உன்னைத் தொட வரவன் முதல்ல என்னைத் தாண்டணும். எல்லாரும் உன்னைத்தான் பாப்பாங்க, நான் எங்க இருந்து வரேன்னு எவனுக்கும் தெரியாது. அது ஒண்ணுதான்டா எனக்கு ஒழுங்கா வர வேலை.”

யோனாஸ் சட்டையைச் சரிசெய்துகொண்டான். “ஒவ்வொரு ஆட்டத்துலயுமா?”

“ஒவ்வொரு ஆட்டத்துலயும்.”

“என்னைச் சின்னப் பையான்னு கூப்பிடக் கூடாது.”

“நீ மட்டும் என்னைப் பெரிசுன்னு கூப்பிடலாமா?”

“அது வேற.”

“போதும், உயிரை வாங்காதீங்க,” என்றார் ரைமோ. யோனாஸை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். “நீலோ, ஒண்ணு தெரிஞ்சுக்க. ஹியத்தலா உன் ஒப்பந்தக் காகிதத்தைத் தயாரா வெச்சிருக்காரு. சட்டி இருக்கற வரைக்கும்தான். நாளைக்கு அதைக் குடுத்துட்டா அவரு பேனாவை மூடி வெச்சுருவாரு. அப்புறம் நான்தான் போய் உனக்காகச் சண்டை போடணும். ஜெயிப்பேன்னு சொல்ல முடியாது.”

“போடுவீங்களா?”

“மாசம் முடிய நாலு ஆட்டம் இருக்கு. அந்தப் பையன் முழுசா வீட்டுக்குப் போனா, போடுவேன்.”

கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் ஹியத்தலாவின் மேசையில் காத்திருந்தது. நாளைக்கே போய்ப் போட்டுவிடலாம். வீடு, படிப்பு, எல்லாம் ஒரு வருஷத்துக்கு நிம்மதி. அதற்கப்புறம் தங்கத் தலையோடு கோல் அடிக்கத் தெரியாத ஒருவனாகப் பனியில் நிற்க வேண்டும், பக்கத்தில் பையன் நசுங்கிக்கொண்டிருப்பான். நீலோ பையிலிருந்து கவசத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“பெர்த்திகிட்ட என் பழைய கறுப்புத் தலைக்கவசத்தைத் தேடச் சொல்லுங்க.”

“போஸ்டர் வீணாப் போச்சுன்னு ஹியத்தலாகிட்ட யாரு சொல்றது?”

“நானே சொல்றேன்.”

“சாசேஜைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பாரு, ஜாக்கிரதை,” என்றார் ரைமோ. சிரிக்கவில்லை.

வீட்டில் ரீக்கா முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தபடி நின்றாள்.

“கையில இருந்ததைக் கீழ வெச்சுட்டு வந்திருக்க,” என்றாள்.

“ஆமாம்.”

“நல்லவேளை, என்கிட்டக் கேக்கலை. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.” பிறகு, “எல்வீராகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சுவத்துல ஒட்டப் போறாங்க,” என்றாள்.

எல்வீரா நடுக்கூடத்தில் பஞ்சு அடைத்த முயலின் தலையில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நீலோ வாசல்வரை போய்த் திரும்பினான். சமையலறைக்குப் போய் மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு.
எல்வீராவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாளை காலை பள்ளிக்குப் போகும் வழியில் சொல்ல வேண்டும். அதன்பின் காபிக்கடை திறந்ததும் யோனாஸைக் கூட்டிக்கொண்டு கைசுவிடம் போக வேண்டும், பிறகு ஹியத்தலாவிடம். மாலையில் வகுப்பு.